முட்டியா, வண்டியா

திருத்துறைப்பூண்டி
தை 21, இரவு

அன்புள்ள பாலு,

உன் அம்மாவின் சுண்ணாம்பு டப்பா கிடைத்துவிட்டது.

அந்த இரண்டு சீட்டு சான் ஸ்டார்ம் வண்டியில்தான் இருந்தது. இடது சீட்டுக்கு அடியில், சீட் நகருகிற இரும்புத் தண்டுக்குள் செருகிக்கொண்டு, இருபது வருஷமாக. மூடியும் சங்கிலியும் அப்படியே இருக்கின்றன. உள்ளே சுண்ணாம்பு கல்லாகிவிட்டது. எங்கள் அத்தைதான் எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்களே! அத்தை போய்ப் பத்து வருஷம். இந்நேரம் மேலே இரண்டு பேரும் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருப்பார்கள், அல்லது புதிதாக ஒன்றை ஆரம்பித்திருப்பார்கள்.

போன ஐப்பசியில் அம்மா தவறினபோது நான் வரவில்லை. போனில் பேசியதெல்லாம் கணக்கில் சேராது என்று எனக்கும் தெரியும். பதினாறுக்காவது வந்திருக்கலாம். நீ ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காரணம் இந்தக் கடிதத்திலேயே வரும், படித்துவிட்டுத் திட்டு.

இங்கே எல்லாரும் நலம். பெரியவள் சிங்கப்பூரிலேயே இருக்கிறாள். சின்னவனுக்கு இன்னும் பெண் அமையவில்லை. விஜயாவுக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். இனிப்பை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மூக்கன் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப்போகிறானாம். தவில் சின்னம் கிடைத்தால் சொல், ஓட்டு கேட்க நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கொரடாச்சேரி கேட்டில் நடந்ததை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் நினைவுபடுத்தினேன்.

இதை எழுதுவது கொள்முதல் நிலையத்துக்கு வெளியே, நெல் குவியலுக்குப் பக்கத்தில், கயிற்றுக் கட்டிலில். கொட்டி நாலு நாள் ஆகிறது. சம்பா இந்த வருஷம் மோசமில்லை. 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். ஆனால் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். பகலெல்லாம் காலால் கிளறிக் காயவைத்து, பொழுது சாய்ந்ததும் தார்ப்பாயைப் போட்டு மூடினால், விடிகாலைப் பனியில் மறுபடி பத்தொன்பது. ஈரம் பார்க்கிற மெஷினில் கைப்பிடி நெல்லைப் போட்டுவிட்டு நிலையத்துப் பையன் என் முகத்தைப் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் கணக்குத் தாள் கொடுக்கும்போது நம்மைப் பார்த்த பார்வை அது. ராத்திரி காவலுக்கு ஆள் வைக்கலாம். வீட்டில் விஜயா முகத்தைப் பார்ப்பதைவிட இங்கே கொசுவோடு இருப்பது நாலு நாளைக்குத் தேவலை என்று நானே வந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை விற்றுவிட்டேன். அப்புறம் விற்கவில்லை. இரண்டும் மூன்று வாரத்துக்குள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் தஞ்சாவூரிலிருந்து ஒரு பையன் வந்தான். கல்யாணப் போட்டோ எடுக்கிறவன். யாரோ சொல்லி வந்திருக்கிறான். கொட்டகைக்குள் போய்ப் படுதாவைத் தூக்கிப் பார்த்ததுமே அவன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. "சான் ஸ்டார்ம் சார்! எங்க அப்பா ஆல்பத்துலதான் பாத்திருக்கேன்" என்றான். ரெனோ இன்ஜின், 1,149 சிசி, 60 குதிரை என்று நான் ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"இன்ஜின நீங்களே வச்சுக்கங்க சார். எங்களுக்கு வேணாம்."

"வேணாம்னா எப்படித் தம்பி ஓட்டுவே?"

"ஓட்டறதா? பச்சை வயலுக்கு நடுவுல நிப்பாட்டிருவோம் சார். பொண்ணும் மாப்பிள்ளையும் ஏறி உக்காந்தா ட்ரோன் மேலேர்ந்து எடுக்கும். முன்னாடி இருக்கற வெடிப்ப மட்டும் ஒட்டிக் குடுத்துருங்க, பெயின்ட் நாங்க அடிச்சுக்கறோம்."

ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேசி, பத்தாயிரம் முன்பணமும் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். உன்னைக் கேட்காமல் வாங்கினேன் என்பதுதான் முதல் குற்றம். 2003-ல் நீ அனுப்பிய நாற்பதாயிரம் இன்னும் அந்த வண்டிக்குள்தான் கிடக்கிறது. திருப்பிக் கேட்காத கடனுக்கு வட்டி அதிகம் என்று அப்பா சொல்வார்.

ஏன் வாங்கினேன் என்று கேள். வலது முட்டி போய்விட்டது. தேய்ந்திருக்கிறது, மருந்து மாத்திரை எல்லாம் இனி சும்மா, மாற்றித்தான் ஆகவேண்டும் என்று தஞ்சாவூர் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பும் எலும்பும் முத்தமிட்டுக்கொண்டிருக்கின்றன. ஐப்பசியிலிருந்து இரண்டு மாதம் கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் கிடந்தேன். உனக்குச் சொல்லவில்லை. அம்மா படுத்திருந்த நேரத்தில் நான் என் முட்டியைப் பற்றி என்ன பேசுவது? ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்றார்கள். ஒரு முட்டிக்கு.

சம்பா முழுதும் எடைபோட்டு, சொசைட்டிக் கடன், பெல்ட் வைத்த அறுவடை மெஷின் வாடகை, உரக்கடை பாக்கி எல்லாம் போகக் கையில் நிற்கப்போவதும் கிட்டத்தட்ட அதுதான். வண்டியைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று நம் மெக்கானிக்கிடம் தீபாவளிக்கு முன்னாலேயே கேட்டு வைத்திருந்தேன். ஒன்றே முக்கால்! சொல்லிவைத்த மாதிரி.

நீ கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு இதிலென்ன யோசனை என்று சொல்வாய். விஜயாவும் அதையேதான் சொல்கிறாள். "முட்டிய மாத்துங்க, இன்னும் பதினஞ்சு வருஷம் ஓடும்." ஆர்சி புதுப்பிக்கிற மாதிரி சொல்கிறாள். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனி. முட்டி இல்லாமல் அந்த வண்டியில் ஏற முடியாது. வண்டி இல்லாவிட்டால் எனக்கு அந்த முட்டி எதற்கு? வயலுக்கு டிவிஎஸ் போதும், கோயிலுக்கு ஆட்டோ போதும். சிரிக்காதே. ஏறுவது கூடப் பரவாயில்லை, பின்பக்கத்தைக் காட்டி விழுந்தால் சீட் பிடித்துக்கொள்ளும். இறங்குவதுதான். போன ஆடியில் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம் என்று கொட்டகையில் ஏறிவிட்டேன். கதவைத் திறந்து, இடது காலைத் தரையில் ஊன்றி, கூரைக்கம்பியைப் பிடிக்கலாமென்றால் கூரையே துணிதான். கையைத் தரையில் ஊன்றி, தவழ்கிற குழந்தை மாதிரி வெளியே வந்தேன். எதிரே எங்கள் வீட்டு மாடு. அது பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"என்னடா இது, பாய்ல உக்காந்து போறாப்ல இருக்கு" என்று அம்மா சொன்னார்களே, திருக்கடையூருக்குப் போனபோது. கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு, தலைமுடி பறக்கப் பறக்க, கூரையை மூடாதே மூடாதே என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். சுண்ணாம்பு டப்பா அன்றைக்குத்தான் விழுந்திருக்கவேண்டும்.

இந்த வண்டியால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது உனக்குத் தெரியும். மேட்டூரில் தண்ணீர் இல்லாமல், குறுவையே இல்லாமல் போன வருஷத்தில், ஆறு மா நிலத்தை விற்று, இரண்டு பேர் மட்டும் உட்காருகிற, மேலே கூரை இல்லாத, பழைய வண்டியை ஒருவன் வாங்கினால் எந்தத் தகப்பன்தான் பேசுவார்? அடுத்த ஆடிப்பெருக்கு வரை பேசவில்லை. அந்த ஆறு மாவில் இப்போது மனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் விஜயா சதுர அடி விலையைச் சத்தமாகச் சொல்வாள். நான் அந்தப் பக்கம் திரும்பி கொக்கு பார்ப்பேன்.

அதற்கப்புறம் கஜா. 2018 நவம்பர் 16 விடிகாலை. எங்கள் தோப்பில் நின்ற தென்னையை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸைப் பிளந்துகொண்டு வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்தது. பல வாரம் கரண்ட் இல்லை, தார்ப்பாய் இல்லை. மனுஷருக்கே மெழுகுவத்தி தேடின நாள். வண்டியைப் பற்றி யார் நினைப்பது? மரத்தை அறுத்துத் தூக்கினோம், படுதாவைப் போட்டு மூடினோம், ஏழு வருஷம் போய்விட்டது.

இனிமேல்தான் கதை. போட்டோக்காரன் வெடிப்பை ஒட்டிக் கொடுக்கச் சொன்னானே, அதற்கு ஆள் வேண்டும். இந்த வண்டியின் உடம்பு தகரம் இல்லை, ஃபைபர். இங்கே டிங்கரிங் பட்டறையில் கேட்டால் சுத்தியலைக் கையில் எடுக்கிறான். மெக்கானிக்தான் சொன்னான், "படகு ஒட்டறவங்களக் கூப்புடுங்கண்ணே." எனக்கு இருபது வருஷமாகத் தோன்றாதது! நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். சுனாமி வரைக்கும் மரவேலை. அதற்கப்புறம் கரையெல்லாம் ஃபைபர் படகாக வந்து இறங்கியபோது இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டவர்.

அவர் வேலை செய்ததை நீ பார்த்திருக்கவேண்டும். முதலில் பையிலிருந்து ஒரு அஞ்சு ரூபாய்க் காசை எடுத்தார். பானெட்டிலிருந்து ஆரம்பித்து உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார், பலாப்பழம் பார்க்கிற மாதிரி காதைச் சாய்த்துக்கொண்டு. டங், டங், டங். வெடிப்புக்குப் பக்கத்தில் வந்ததும் டொக். சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். "இங்க அடுக்கு விட்ருக்கு. மத்ததெல்லாம் உசுரோட இருக்கு சார்." தென்னை விழுந்து, ஏழு மழை பார்த்து, மொத்தம் இரண்டே வட்டம்தான்.

அப்புறம் கேட்டார்: "எப்ப இறக்கறீங்க?"

எனக்குப் புரியவில்லை. படகைக் கேட்கிற பழக்கத்தில் கேட்கிறார். இறக்கவில்லை அண்ணே, வயலில் நிறுத்திப் போட்டோ எடுக்கப்போகிறார்கள் என்றேன். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"நிக்கறதுக்குன்னா எம்-சீல் போதுமே சார். அதுக்கு எதுக்கு நாகப்பட்டினத்துலேர்ந்து நான்?"

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சுரீரென்றது. இல்லை அண்ணே, ஓடுகிற வண்டிக்கு ஒட்டுகிற மாதிரியே ஒட்டுங்கள் என்றேன், ஏன் சொன்னேன் என்று தெரியாமலே.

வெடிப்பை மூடுவார் என்று பார்த்தால், கிரைண்டரை வைத்து இன்னும் அகலமாகத் தோண்டிவிட்டார். நல்ல அடுக்கு தெரிகிறவரை சரிவாகத் தேய்த்தால்தான் புதுசு பழசைப் பிடிக்குமாம். ரெசினில் முதலில் ஊதா நிறத்தில் கோபால்ட்டைக் கலக்கினார். அப்புறம், தனியாக, அதை இறுகவைக்கிற கேட்டலிஸ்ட். கிலோவுக்குப் பத்து மில்லி கணக்கு, ஊசிக்குழாயில் அளந்து. இரண்டு பாட்டிலையும் கொட்டகையின் இரண்டு மூலையில் வைத்திருந்தார். "நேரா ஒண்ணோட ஒண்ணு சேந்தா பத்திக்கும் சார், சம்பந்திங்க மாதிரி." நார்ப்பாயைக் கையால் பிய்த்து வைத்து, பிரஷ்ஷால் குத்திக் குத்தி, உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் ஊற வைத்தார். மூன்று அடுக்கு. கொஞ்ச நேரத்தில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. "வேல செய்யிது" என்றார். கொட்டகையெல்லாம் அந்த வாடை. மாடு இரண்டு நாள் உள்ளே வரமாட்டேன் என்றது.

அன்று சாயங்காலம் மெக்கானிக்கைக் கூட்டிவந்து வண்டியை ஜாக்கியில் தூக்கி, நானே அடியில் படுத்தேன். முட்டி படுக்கும்போது ஒன்றும் சொல்வதில்லை. மேலே உடம்பு நூறு வருஷம் கிடக்கும். கீழே இரும்புதான் பிரச்சினை. ஸ்க்ரூடிரைவரால் குத்திக்கொண்டே போனோம். முன்பக்கம், நடு எல்லாம் நின்றது. பின்னால் வலதுபக்கம் மட்டும் வர்க்கி மாதிரி உள்ளே போய்விட்டது. கடல் காற்றும் கொட்டகை ஈரமும் சேர்ந்து தின்றிருக்கின்றன. ஒரு முழம் நீளம். டிராக்டர் டிரெயிலர் கட்டுகிறவர் வந்து பார்த்து, வெட்டிவிட்டுப் புது இரும்பு வைத்து வெல்டு பண்ணலாம், ஆனால் வண்டியின் நீட்டம் கோணாமல் இருக்க முதலில் அளவெடுத்துக் கட்டிவைக்கவேண்டும் என்றார். முடியாது என்று அவராவது சொல்லியிருந்தால் பையனுக்கு வண்டியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இன்ஜின் சுற்றுகிறது. டாங்கியில் இருந்த பெட்ரோல் அரக்காகிவிட்டது, ஒயரை எலி தின்றுவிட்டது, பிரேக் இறுகிவிட்டது, அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும்தான் பயம். காரைக்கால் பாயைக் கூப்பிட்டேன். அவர் மருமகன் பாரீஸில் இருக்கிறானே, அவனிடம் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்: "இது நம்ம புள்ள முதல்ல வாங்குன ட்விங்கோ இன்ஜினாம்ல!" அதேதான். அங்கே தெருவுக்குத் தெரு ஓடிய வண்டி. ரமலானுக்கு வரும்போது பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வருகிறானாம். நாம் இரண்டு பேரும் பெங்களூரில் கடை கடையாக அலைந்தோமே, இங்கே பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஊர் இருப்பது தெரியாமல்.

மறுநாள் போட்டோக்காரனுக்கு போன் போட்டு முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பையன் வருத்தப்பட்டான். இன்னும் ஐயாயிரம் கூடத் தருகிறேன் என்றான். வண்டி ஓட ஆரம்பித்ததும் வா, வாடகை வாங்காமல் நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன், பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே உட்காருவார்கள் என்பதை நீ யோசித்து வை என்றேன்.

செலவுக் கணக்கை நான் உனக்கு மறைக்கவில்லை. சரிசெய்து முடித்தாலும் போட்ட காசு வராது. முதல் பதிவு 2000-ல். பதினைந்து முடிந்து ஒருமுறை புதுப்பித்தது 2020-லேயே காலாவதி. இருபது வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கிற கட்டணத்தை 2025 ஆகஸ்டில் பத்தாயிரம் ஆக்கிவிட்டார்கள். அதற்குமேல் பசுமை வரி, தாமதத்துக்கு அபராதம். விண்டேஜ் என்று எழுதிக்கொடுத்தால் சலுகை உண்டாமே என்று சின்னவன் கேட்டான். உண்டு, ஐம்பது வருஷம் ஆகவேண்டும். 2050-ல் எனக்கு எண்பத்திரண்டு. இரண்டு முட்டியும் அதற்குள் மூன்றாவது தடவை மாற்றியிருப்பேன்.

பெட்ரோல் வேறு. இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால். இந்தக் காலத்து ரப்பர் தாங்கும், அந்தக் காலத்து ரப்பர் ஊறிப் பிளந்துவிடும். ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறான் மெக்கானிக். கரும்பிலும் அரிசியிலும் காய்ச்சுகிறதாமே. காலமெல்லாம் நெல் போட்டவனுடைய வண்டியை நெல்லே கெடுத்தால் எங்கே போய்ச் சொல்வது!

முட்டியைப் பற்றி இப்போது முடிவு சொல்கிறேன். விஜயாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ரெசின் வேலை மழையில் ஆகாது. ஈரம் பட்டால் அடுக்கு ஒட்டாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பின்பக்க இரும்பை வெட்டினால் அதைச் சுற்றி ஃபைபரை மறுபடி கட்டவேண்டும். மாசி, பங்குனி, சித்திரைதான் நம் ஊரில் அதற்குக் காலம். விட்டால் அடுத்த தைதான், அதற்குள் இந்த ஒரு முழம் மூன்று முழம் ஆகிவிடும். முட்டிக்கு அப்படியில்லை. ஐப்பசியில் மாற்றினால் ஐப்பசியிலும் ஆறும். மழைக்காலத்தில் நான் எங்கே போகப்போகிறேன், படுத்துக்கிடக்கிற காலம்தானே. டாக்டரிடமும் கேட்டுவிட்டேன்: ஐப்பசி வரை தள்ளினால் வலிதான் கூடும், வேறொன்றும் ஆகாது என்றார். குறுவை கைகொடுத்தால் அந்தப் பணம் முட்டிக்கு. கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் நாலு ராத்திரியாக இந்தக் கட்டிலில் படுத்து நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது, பாலு. காலை இழுத்துக்கொண்டு நடக்கும்போது அப்பா நடை வருகிறது. அவர் இருந்திருந்தால் இரண்டாவது தடவையும் ஆடிப்பெருக்கு வரை பேசமாட்டார்.

நீ செய்யவேண்டியது இரண்டு. ஒன்று, உன் பங்குக்கு நீ சம்மதம் சொல்லவேண்டும். வேண்டாம் என்றாலும் சொல், பையன் நம்பர் இன்னும் இருக்கிறது. இரண்டாவது, விஜயா போன் செய்தால் எடுக்காதே. எடுத்துவிட்டால், முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது நீதான் என்று சொல். உன்மேல் அவளுக்கு அண்ணன் மாதிரி என்று ஒரு மரியாதை இருக்கிறது, அது சும்மா தூங்குவதைவிட எனக்காக வேலை செய்யட்டும்.

பங்குனியில் வா. டப்பாவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்; கழுவவில்லை.

உன்,
சேது

பி.கு.: வரும்போது எத்தனால் தாங்குகிற பெட்ரோல் ஹோஸ், உள்விட்டம் எட்டு மில்லி, நாலு மீட்டர் வாங்கி வா. உங்கள் ஊரில் ரேஸ் வண்டிக்காரர்கள் வாங்குகிற கடையாகப் பார்த்து வாங்கு. காசை நாற்பதாயிரத்தோடு சேர்த்து எழுதிக்கொள்.